இரண்டாவது செட், இரண்டாவது சர்வீஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தச் சந்தேகம் முதன்முதலாக வந்தது ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில். மெஷின் ரூமுக்குள் கையெல்லாம் கிரீஸாக நின்றுகொண்டிருந்தார். வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேசினால் காது கேட்காது. பிரேக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழந்துணியில் வைத்திருந்தார். பக்கத்தில், மோட்டார் பெட்டியின் மேல், செல்போன். செல்போனில் மகளின் மேட்ச்.

மேட்ச் என்றால் படம் தெரியாது. அவள் ஆடுகிற டோர்னமென்ட்டுகளுக்குக் கேமரா வைக்க யாருக்கும் அக்கறை இல்லை. வெறும் எண்கள்தான். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு பொத்தானை அமுக்குவார். எங்கோ இருக்கிற அப்பன் செல்போனில் பதினைந்து முப்பதாகும், முப்பது நாற்பதாகும். அவ்வளவுதான் காட்சி. அந்த எண்களை வைத்தே மகள் மூச்சு வாங்குகிறாளா, கோபத்தில் இருக்கிறாளா என்று சொல்லிவிடுவார் மெக்கானிக். பதினொரு வருஷப் பழக்கம்.

மகளை வீட்டில் தும்பி என்று கூப்பிடுவார்கள். சின்னவளாக இருந்தபோது ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்று அம்மா வைத்த பெயர். இப்போது இருபத்திரண்டு வயது. உலக ரேங்க்கில் நானூற்றுப் பன்னிரண்டு. கேட்கிறவர்களுக்கு அது பெரிய எண்ணாகத் தோன்றும். 'உலகத்துல இந்த ஆட்டம் ஆடுற பொண்ணுங்களை வரிசையா நிக்க வச்சா, என் பொண்ணு இந்தத் தெரு முனையிலயே நிப்பா' என்பார் மெக்கானிக்.

அன்றைக்கு முதல் செட்டை ஜெயித்திருந்தாள். இரண்டாவது செட்டில் தன் முதல் சர்வீஸை, அதாவது அவள் பந்து போட்டு ஆரம்பிக்கிற முதல் கேமை, சுலபமாக முடித்தாள். இரண்டாவது சர்வீஸ் வந்தது. டபுள் ஃபால்ட் என்று காட்டியது. இரண்டு வாய்ப்பிலும் பந்தைக் கட்டத்துக்குள் போட முடியாமல், எதிராளிக்குச் சும்மா ஒரு பாயிண்ட். உடனே இன்னொரு டபுள் ஃபால்ட். பிறகு மூன்றாவது, நான்காவது. கேம் போயிற்று.

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

காவலாளி படியேறி வந்து மெஷின் ரூம் வாசலில் நின்று கத்தினான். "அண்ணே, ஆச்சா? ஆறாவது மாடி அம்மா காய்கறிப் பையோட படியில உக்காந்துட்டாங்க. என்னைத் திட்டுறாங்க!"

"பத்து நிமிஷம்!"

"பத்து நிமிஷம்னு ஒரு மணி நேரமா சொல்றீங்க!"

பிரேக்கை மாட்டி, மேலும் கீழும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்து, கையைத் துடைத்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். லிஃப்ட் கம்பெனி கொடுக்கிற நீளமான பழுதுப் பதிவேடு. ஒன்றில் லிஃப்ட்டுகளின் கோளாறை எழுதுவார், அதேபோன்ற இன்னொன்றில் மகளின் மேட்ச்சுகளை. தேதி, ஊர், எதிராளி, ஸ்கோர், எந்த கேம் யார் சர்வீஸ், எத்தனை டபுள் ஃபால்ட், கூடப் போனது யார், எல்லாம் இருக்கும். கடைசி எட்டு மேட்ச்சைப் புரட்டினார். இரண்டாவது செட்டில் அவளுடைய இரண்டாவது சர்வீஸ். எட்டில் ஏழு தடவை தோற்றிருந்தாள். ஏழிலும் டபுள் ஃபால்ட். அதற்கு முந்தைய நாற்பது மேட்ச்சில் அப்படி ஒன்றுமே இல்லை.

லிஃப்ட் ஒரே மாடியில் மூன்று தடவை நின்றால் அதைத் தற்செயல் என்று எந்த மெக்கானிக்கும் எழுதமாட்டான். ஏழு தடவை!

டென்னிஸில் கள்ளத்தனம் எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். மேட்ச்சையே தோற்க வேண்டாம். இந்த செட்டில் இந்த கேமை மட்டும் விட்டுக்கொடு என்பார்கள். அதன்மேல் எங்கோ யாரோ பந்தயம் கட்டியிருப்பான். ஆடுகிறவள் அந்த ஒரு கேமைத் தோற்றுவிட்டு மேட்ச்சை ஜெயித்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கேமையும் எழுதி வைக்கிற அப்பன் ஒருத்தன் இருந்தால் தவிர.

*

அடுத்த வாரம் தும்பி வீட்டுக்கு வந்தாள். இரண்டு டோர்னமென்ட்டுக்கு நடுவில் ஒன்பது நாள் ஓய்வு. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் துவைத்த துணிகள், இன்னொன்றைத் திறந்தால் பஸ் டிப்போ. அவள் வந்தால் கூடம் முழுக்க ராக்கெட் பைதான். தாண்டித்தாண்டித்தான் நடக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் போர்வையும் பச்சை அங்கியும் மடித்து மடித்து, வீட்டில் பேசும்போதுகூடக் கை எதையாவது மடித்துக்கொண்டிருக்கும்.

"என்னடி இது, புது போன்?" என்றாள் அம்மா.

"பழசு கெட்டுப் போச்சும்மா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"எங்க?"

"இங்கதான். டிப்போ பக்கத்துக் கடையில."

மெக்கானிக் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் டிப்போ பக்கத்துக் கடையில் நின்றார்.

"என் பொண்ணு போன் குடுத்திருந்தாளே, ரெடியாயிடுச்சா?"

கடைக்காரர் சீட்டுக் கட்டைப் புரட்டினார். "உங்க பொண்ணா? டென்னிஸ் ஆடுமே, அதுவா? இங்க வரலையே. வந்தா தெரியாமப் போகுமா? ஒரு போட்டோ எடுத்திருப்பேனே!"

அன்றிலிருந்து மெக்கானிக் மகளைக் கண்ணால் அளக்க ஆரம்பித்தார். போன் வந்தால் படியிறங்கித் தெருவுக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தால் யார் என்று சொல்லமாட்டாள். ஆறு வயதிலிருந்து அவளுக்குப் பந்து போட்டுப் பழக்கிய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோச்சாக எல்லா ஊருக்கும் கூடப் போவான். இரண்டு மாதமாக அவனை வேண்டாம் என்று தனியாகவே போய்வந்தாள். கேட்டால், 'செலவு மிச்சம்ப்பா' என்றாள். வியாழக்கிழமை ஒரு கார் வந்து டிப்போ ஓரமாக நின்றது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணும் கையில் பெட்டியோடு ஒரு ஆளும் இருந்தார்கள். தும்பி அந்தக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். கார் எங்கும் போகவில்லை. மெக்கானிக் ஜன்னல் துணியை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல. பஸ்."

"பஸ்ஸை இவ்வளவு ஆசையா பாக்குற ஆளை நான் பாத்ததில்ல."

*

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மனைவியிடம் சொல்ல முடியாது. ஊமையாகிவிடுவாள், இல்லையென்றால் மகளை அந்த நிமிஷமே பிடித்து உலுக்கிவிடுவாள். மெக்கானிக்குக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மச்சினன்தான், தும்பிக்குக் கோச்சாகப் போய்வந்த அந்த மாமா. நகராட்சி டென்னிஸ் கோர்ட்டில் வேலை. கோடு போடுவான், வலை கட்டுவான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். வெயிலில் கறுத்து, கால்சட்டைக்குக் கீழே சாக்ஸ் போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். தும்பி முதல் கோப்பை வாங்கியபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்தவன் அவன்தான்.

கோர்ட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் நோட்டை விரித்துக் காட்டினார். ஏழு இடத்திலும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

மச்சினன் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான். டீயில் ஆடை படிந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா அத்தான்?"

"உன்கிட்டதான் முதல்ல."

"அக்காவுக்கு?"

"தெரியாது."

"தெரியவும் வேணாம்." நோட்டை மூடினான். "எனக்கே கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு அத்தான். என்னை ஏன் கூட வேணாங்கிறா? நானும் யோசிச்சேன். நம்ம பொண்ணுதான், ஆனா வெளி ஊர், வெளி ஆளுங்க. யார் யார் வந்து என்ன சொல்றாங்களோ. இந்த மட்டத்துல எல்லாரும் பண்றதுதான். ஒரு கேம்தானே. நீங்க எதுவும் கேக்காதீங்க. கேட்டா ஆட்டத்தையே விட்டுடுவா."

"கேக்காம எப்படிடா இருக்கிறது? ஒரு காரு வேற வந்துச்சு. ஒரு பொம்பளை, ஒரு ஆளு. உள்ள உக்காந்து ஒன்றரை மணி நேரம் பேசினா."

மச்சினன் நிமிர்ந்தான். "எப்போ?"

"வியாழக்கிழமை."

"எப்படி இருந்தாங்க? கையில என்ன வச்சிருந்தாங்க? என்ன பேசினாங்கன்னு ஏதாவது காதுல விழுந்துச்சா?"

தெரிந்ததையெல்லாம் சொன்னார் மெக்கானிக். அவன் இவ்வளவு கவலைப்படுகிறானே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட இருந்தது. எழுந்து போகும்போது மச்சினன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அந்த நோட்டைக் கொளுத்திடுங்க அத்தான். அது பொண்ணோட கழுத்துக்குக் கயிறு. யார் கைக்காவது போனா அவ கதை முடிஞ்சுது."

மெக்கானிக் வீட்டுக்கு வந்து தீப்பெட்டியை எடுத்தார். அடுப்படியில் நின்றார். பதினொரு வருஷத்தைக் கொளுத்தக் கை வரவில்லை. பையின் அடியில், ஸ்பேனர் செட்டுக்குக் கீழே வைத்தார்.

*

மகள் அடுத்த ஊருக்குப் போனதும், இரண்டு நாள் கழித்து அவரும் கிளம்பினார். 'ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட், போனாத்தான் ஆகும்' என்று மனைவியிடம் பொய் சொன்னார். நான்கு மணி நேரம் பஸ். ஊருக்கு வெளியே, ஒரு பழைய பஞ்சாலைக்குப் பின்னால் ஆறு கோர்ட்டுகள், சுற்றிலும் கம்பி வலை. காற்று விடாமல் அடித்தது. பார்க்க வந்திருந்தவர்கள் எண்ணிப் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய தொப்பி போட்ட ஒருவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மகள் ஆடுவதை நேரில் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. எண்களிலேயே பார்த்துப் பழகியவருக்கு அவள் இவ்வளவு ஓடுகிறாளா என்று வியப்பாக இருந்தது. பந்து ராக்கெட்டில் படும் சத்தம் பலகையில் சுத்தியல் விழுவதுபோல் கேட்டது. சர்வீஸ் போடும் முன் பந்தை நான்கு முறை தரையில் தட்டுவாள். நான்குதான், ஐந்து கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

முதல் செட் ஆறு நான்கு. ஜெயித்தாள். இரண்டாவது செட்டில் எதிராளி சர்வீஸ், பிறகு இவள், பிறகு எதிராளி. ஒன்றுக்கு இரண்டு. அடுத்தது இவளுடைய இரண்டாவது சர்வீஸ்.

மெக்கானிக் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

பந்தைத் தட்டினாள். நான்கு, ஐந்து, ஆறு... பதினான்கு வரை எண்ணினார். மேலே எறிந்த பந்து காற்றில் சாய்ந்தது. வலையில் அடித்தாள். மறுபடியும் வலை. டபுள் ஃபால்ட். அடுத்த பக்கம் மாறி நின்றாள். பந்து கோட்டுக்கு ஒரு கஜம் வெளியே விழுந்தது. அடுத்தது கட்டத்துக்கே வரவில்லை. நடுவில் ஒரு பாயிண்ட்டை அற்புதமாக அடித்து எடுத்தாள். பிறகு மூன்றாவது டபுள் ஃபால்ட். கடைசியில் வலையில் ஒன்று. கேம் போயிற்று.

அவள் தன் வலது கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். விரல்கள் நடுங்கியது இங்கிருந்தே தெரிந்தது. வேண்டுமென்று தோற்கிறவளுக்குக் கை ஏன் நடுங்க வேண்டும் என்று நினைத்தார் மெக்கானிக். உடனே இன்னொரு நினைப்பும் வந்தது: திருடுகிறவன் கையும்தானே நடுங்கும்.

அடுத்த இரண்டு கேமையும் அவளே எடுத்தாள். ஆனாலும் அந்த செட் ஐந்து ஏழு. மூன்றாவது செட் நான்கு ஆறு. கை குலுக்கிவிட்டு அவள் பையைத் தூக்கும்போது தொப்பிக்காரர் எழுந்து போய்விட்டார். அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

*

உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்ச். தும்பி தோளில் ஐஸ் மூட்டையை வைத்துத் துண்டால் கட்டியிருந்தாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?"

"வேலைன்னு."

"நீ அம்மாகிட்ட பொய் சொல்லி நான் பாத்ததே இல்லப்பா." அவர் பையைப் பார்த்தாள். நீள நோட்டின் முனை வெளியே தெரிந்தது. கேட்காமலே உருவி எடுத்துப் பிரித்தாள். சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சிவப்பு மை எப்போ வாங்கினே?"

மெக்கானிக் பையை இழுத்து மூடினார்.

"அவங்களும் இதே லிஸ்ட்டைத்தான் காட்டினாங்க. நீ எழுதின மாதிரியே. ஒரு மேட்ச்கூட விடல."

"யாரு?"

"காருல வந்தாங்களே. நீதான் ஜன்னல்லேர்ந்து பாத்தியே. உன் விரல் தெரிஞ்சுது." துண்டை இறுக்கிக்கொண்டாள். "ஆட்டத்துல கள்ளத்தனம் பண்றவங்களைப் பிடிக்கிற ஆபீஸ்லேர்ந்து. நான்தான் வரச் சொன்னேன். என் போனை அதுக்கு முன்னாடியே, போன டோர்னமென்ட்லயே அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுல இருக்கிறதெல்லாம் பாக்கணுமாம்."

"நீ வரச் சொன்னியா?"

"ஒருத்தர் என்கிட்ட கேட்டாருப்பா. ரெண்டாவது செட்டுல உன் ரெண்டாவது சர்வீஸை மட்டும் விட்டுடு, மேட்ச்சை நீயே ஜெயிச்சுக்கோன்னு. முடியாதுன்னேன். மூணு தடவை கேட்டாரு, மூணு தடவையும் முடியாதுன்னேன். அப்புறம் போன் பண்ணி அவங்ககிட்ட சொல்லிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னாங்க. வீட்லயும்தான்."

"அப்புறம் இது?" சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார்.

தும்பி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அதான்ப்பா பைத்தியக்காரத்தனம். அந்த கேமை விக்க மாட்டேன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து அந்த கேம் வந்தாலே கை ஆடுது. இதைத் தோத்தா வித்துட்டேன்னு நினைப்பாங்களே, தோக்கக் கூடாது, தோக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே... கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இப்போ அவங்களே என்னைச் சந்தேகப்படுறாங்க. புகார் குடுத்தவளே திருடியோன்னு." நோட்டை மூடி அவரிடம் நீட்டினாள். "அவங்க சந்தேகப்பட்டது வேலைப்பா. நீ?"

மெக்கானிக் நோட்டை வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "கேட்டிருக்கணும்," என்றார். "உன்கிட்டயே கேட்டிருக்கணும்."

"ஆமா."

"யார் அந்த ஆளு? கேட்டவன்?"

அவள் ஐஸ் மூட்டையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் சொட்டியது.

"மாமா."

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. பிறகு டீக்கடை பெஞ்ச் முழுசாக ஞாபகம் வந்தது. எப்போ, எப்படி இருந்தாங்க, என்ன பேசினாங்க. நோட்டைக் கொளுத்திடுங்க.

"என்னப்பா? ஏன் இப்படி வேர்க்குது?"

"நான் அவன்கிட்டதான் சொன்னேன். கார் வந்ததை."

தும்பி அவர் பக்கம் திரும்பினாள். "அதான் சனிக்கிழமை மாமா போன் ஆத்துல விழுந்துடுச்சுன்னு அம்மா சொன்னாளா," என்றாள் மெதுவாக. "அவர் போன்லதான்ப்பா பந்தயக்காரங்க பேச்செல்லாம் இருந்துச்சு. இப்போ என் வாய்ப்பேச்சு மட்டும்தான் மிச்சம்."

*

அந்த வாரமே மெக்கானிக் சாம்பல் கோட்டுப் பெண்ணைப் போய்ப் பார்த்தார். ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. நீள மேஜை. மூன்று மணி நேரம் பேசினார். நோட்டுகளைக் கொடுத்தார். அவள் முந்தைய வருஷத்துப் பக்கங்களில் வேறு மேட்ச்சுகளைப் பற்றியெல்லாம் கேட்டாள். எதில் மச்சினன் கூடப் போனான், எதில் போகவில்லை, அவனுக்கு யார் யார் பழக்கம் என்று கேட்டாள். டீக்கடையில் மச்சினன் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"கொளுத்தச் சொன்னாரா? அதே வார்த்தையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"அதே வார்த்தைதான்."

"உங்க மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முடியிற வரைக்கும் தெரிய வேண்டாம்."

அது முடிய ஐந்து மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சினன் சாப்பிட வருவான். அக்கா அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைப்பாள். மெக்கானிக் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைவார். உள்ளே இறங்காது.

"நோட்டு என்னாச்சு அத்தான்?" என்பான் அவன், அக்கா அடுப்படியில் இருக்கும்போது, தாழ்ந்த குரலில்.

"கொளுத்திட்டேன்."

"நல்லது பண்ணீங்க."

அவன் நம்பினானா என்று தெரியாது. சாப்பிடும்போது அவன் கண் ஒவ்வொருவர் முகமாகப் போய்வரும். தும்பி வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் தலைவலி என்று உள்ளறையில் படுத்துக்கொள்வாள். ஒருநாள் மச்சினன் மூடிய கதவுக்கு வெளியே நின்று, "தும்பி, மாமாவுக்கு ஒரு குரல் குடுக்கக்கூடாதா?" என்றான். உண்மையிலேயே அவன் குரல் உடைந்திருந்தது. மெக்கானிக்குக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்குள் எங்கேயோ பாவமும் கலந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மனைவிக்கும் மூக்கு உண்டு. ஒரு சாயங்காலம், காயப்போட்ட துணியை எடுத்து வந்து கட்டிலில் கொட்டிவிட்டு அவர் முன்னால் நின்றாள்.

"ஏங்க, நீங்களும் அவளும் என்கிட்ட என்ன மறைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"நான் உள்ள வந்தா ரெண்டு பேரும் வானிலையைப் பத்திப் பேசுறீங்க. முப்பது வருஷமா இந்த வீட்ல யாரும் வானிலையைப் பத்திப் பேசினதில்ல. அவளுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? இல்ல யாரையாவது...?"

"அதெல்லாம் இல்ல."

"அப்போ உங்களுக்கா? டாக்டர்கிட்ட போனீங்களா? அன்னைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்னு போனீங்களே, நம்ம ஆஸ்பத்திரி லிஃப்ட்காரன் அந்த ஊர்ல உங்க கம்பெனி லிஃப்ட்டே கிடையாதுங்கிறான்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஒரு போர்வையை எடுத்து நான்காக, எட்டாக, பதினாறாக மடித்தாள். அதற்குமேல் மடிக்க முடியவில்லை.

"சரி," என்றாள். "சொல்ற அன்னைக்குச் சொல்லுங்க."

*

முடிவு வந்த அன்று தும்பி வீட்டில் இருந்தாள். அவள்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று கடிதம் சொன்னது. மச்சினன் வேறு இரண்டு பெண்களிடமும் இதையே கேட்டிருந்தான். அவன் கூடப் போன ஊர்களையும் தேதிகளையும் நோட்டில் பார்த்துத்தான் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள். இனி ஆயுசு முழுக்க எந்த டோர்னமென்ட்டிலும் அவன் கால் வைக்கக்கூடாது. அவனுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. மெக்கானிக்கும் மகளும் அம்மா வேலையிலிருந்து வந்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. மச்சினன் அவளைச் சலவைக்கூட வாசலிலேயே போய்ப் பார்த்துவிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். டீ போட்டு மூன்று டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்தாள். அவள் கை எதையும் மடிக்கவில்லை. மடியில் சும்மா கிடந்தது. மெக்கானிக் அதை அன்றுதான் முதல்முறை பார்த்தார்.

"வந்தான். காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். வாசல்ல, எல்லார் முன்னாடியும். எல்லாம் சொன்னான்." டீயை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். "அஞ்சு மாசம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவனுக்கு நான் சோறு போட்டேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"சொல்லக்கூடாதுன்னு அவங்க..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"உங்களை நான் கேக்கல." மகள் பக்கம் திரும்பினாள். "அவங்க சொன்னாங்க, சரி. அவங்க சொல்லலைன்னா? என்கிட்ட சொல்லியிருப்பியா?"

தும்பி அம்மாவை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை.

"இல்லம்மா."

"ஏன்?"

"நீ மாமாகிட்ட சொல்லிடுவேன்னு நினைச்சேன்."

கீழே டிப்போவில் ஒரு பஸ் பின்னால் வர, யாரோ விசில் ஊதினார்கள். மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து டம்ளரைப் பார்த்தார். அவள் கத்துவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்தார். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நேர்மையாக, கணக்குப் பாடத்தைப் போடும் பிள்ளைபோல் யோசித்தாள்.

"சொல்லித்தான் இருப்பேன்," என்றாள் கடைசியில். "அன்னைக்கே ஓடியிருப்பேன். ஏன்டா இப்படிப் பண்ணேன்னு ரெண்டு அறை குடுத்துட்டு, எப்படியாவது தப்பிச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன். நீ நினைச்சது சரிதான்."

தும்பி எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்து மடியில் தலையை வைத்தாள். அம்மா உடனே அணைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, இன்னும் கோபம் தீராத கையாலேயே, மகளின் வலது தோளைத் தேடி, எந்த இடத்தில் வலி என்று அழுத்திப் பார்த்தாள்.

மறுநாள் விடுமுறை. காலையில் அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவருகே நின்று புடவையைச் சரிசெய்தபடி, இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"தம்பி வீட்டுக்குப் போறேன். அவன் சாப்பிட்டிருக்க மாட்டான். அவன் பண்ணது தப்பு இல்லைன்னு சொல்லப் போகல. ஆனா போறேன். மறைச்சுட்டுப் போகல, சொல்லிட்டுப் போறேன். வந்து என்ன பேசினேன்னும் சொல்றேன். கேக்கணும்னா கேளுங்க, நம்பணும்னா நம்புங்க."

மெக்கானிக் எழுந்தார். நானும் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. செருப்பை எடுத்து அவள் காலருகே போட்டார். அவள் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தும்பி ஜன்னலைத் திறந்தாள். இந்த முறை யாரும் துணியை விரலால் விலக்கவில்லை. இரண்டு பேரும் தெரியும்படியே நின்று, அவள் தூக்குப் பாத்திரத்தோடு ரோட்டைக் கடந்து பஸ் ஏறுவதைப் பார்த்தார்கள்.